பட்டப்பேரோடு போன கடிதம்

ஆடி பிறந்து சோளகக் காற்று வேலணைத் தீவுக்குள் இறங்கிவிட்டால், மிளகாய் காயப்போடுகிற வீட்டில் யாருடைய கண்ணும் மூக்கும் அவரவர் சொல்லுக் கேட்காது. மீனலோசனியின் வளவில் நாலு படங்கு விரிப்புகளில் செத்தல் மிளகாய் பரந்து கிடந்தது. ஒவ்வொரு படங்கின் மூலையிலும் கல். சோளகம் அந்தக் கல்லையும் ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் போகும். வைத்திலிங்கத்தார் தும்மிக்கொண்டே கல் தேடித் திரிந்தார். பிரதேச செயலகத்தில் காலமெல்லாம் கோப்பு அடுக்கியவர், ஓய்வுபெற்றபின் மனைவியின் மிளகாய்க்குக் கல் அடுக்குகிறார். அதில் அவருக்கு மனக்குறை ஒன்றுமில்லை. கோப்பைவிட மிளகாய் மணமென்பார்.

பின்வளவுத் தகரக் கொட்டிலில் மூன்று அடுப்பும் ஆறிக் கிடந்தன. அந்த வீட்டின் பிரச்சினை அதுதான்.

லோசனி தூளைத் தெரியாத ஆட்கள் யாழ்ப்பாண ரவுணில் இருக்கலாம். ரொறன்ரோவிலும் பாரிசிலும் மெல்பேர்ணிலும் அதைத் தெரியாத வேலணை ஆட்கள் கிடையாது. மல்லி, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து, கடைசியில் மிளகாயைத் தாச்சியில் போட்டுக் கருகவிடாமல் பிரட்டி எடுத்துத் திரிக்கும் தூள். வறுத்து வைத்திருந்தால் மணம் போய்விடும் என்பதில் மீனலோசனி ஒரே பிடி. அதனால் ஆடியில் ஒரு கடிதம், மார்கழியில் ஒரு கடிதம் என்று முந்நூற்றுச் சொச்சம் வாடிக்கையாளர்களுக்கும் மின்னஞ்சல் போகும். யாருக்கு எத்தனை கிலோ என்று பதில் வந்த பிறகுதான் அடுப்பு எரியும்.

இந்த ஆடியில் கடிதம் போகவில்லை. ஒரே கடிதத்தை இத்தனை பேருக்கு ஒரேயடியாக அனுப்புகிறவர்கள் ஏதோ சுத்துமாத்து ஆட்கள் என்று மின்னஞ்சல்காரருக்குப் பட்டிருக்கவேண்டும். கணக்கைப் பூட்டிவிட்டார்கள். வாங்கிய மிளகாய் கிடக்கிறது. மாரி தொடங்கினால் அது ஈரம் பிடித்துப் பூஞ்சணம் கட்டும். ஊர்காவற்றுறையிலிருந்து பஸ்ஸில் வந்து வறுக்கிற அன்ரனிட்டாவுக்கும் கூட வருகிற மற்ற இரண்டு பெண்களுக்கும் வேலையில்லை. மீனலோசனிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"வாட்ஸ்அப்பிலை போடுவமே?" என்று அன்ரனிட்டா கேட்டாள். வேலை இல்லாவிட்டாலும் அவள் வந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, வேண்டாம் அக்கா," என்று தலையிலே கைவைத்தாள் கோபிகா. மீனலோசனியின் ஒரே மகள். கணக்கியல் படித்துவிட்டு வீட்டோடு இந்தத் தொழிலைப் பார்க்கிறவள். முந்தி ஒருதரம் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கிப் பார்த்ததுதான். முதல் கிழமை தூளைப்பற்றிக் கதைத்தார்கள். இரண்டாம் கிழமை காலை வணக்கப் பூக்கள் வந்தன. மூன்றாம் கிழமை மரண அறிவித்தல்களும் அரசியலும். அதற்குப் பிறகு யாரோ யாரையோ ஏசி, பாதிப்பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். தூள் மட்டும் விற்கவில்லை.

"இப்பிடிக் கன பேருக்குக் கடிதம் அனுப்பிறதுக்கெண்டே தளங்கள் இருக்கம்மா. அவையிட்டை ஆக்களின்ரை விபரத்தைக் குடுத்தால் ஒழுங்கு முறையாய் அனுப்புவினம்."

"தபால்கந்தோர் மாதிரியோ?" என்று வைத்திலிங்கத்தார் குசினி வாசலில் நின்று கேட்டார்.

"ஓமப்பா. ஆனால் பத்துப் பதினைஞ்சு கந்தோர் இருக்கு. எதெண்டு நாங்கள்தான் பாத்து எடுக்கவேணும்."

"அப்பிடியெண்டால் மூண்டு இடத்திலை கொட்டேசன் எடு. மூண்டு இல்லாமல் ஒரு அலுவலும் செய்யப்படாது."

கந்தோரை விட்டு மனிதர் வந்துவிட்டார். கந்தோர் அவரை விடவில்லை. தகப்பன் சொல்லைத் தட்டாமல் கோபிகா மூன்று தளங்களைத் தெரிந்தெடுத்தாள். ஒன்றில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. அது அங்கேயே கழிந்தது. மிச்சம் இரண்டு. ஒன்றுக்குப் புறாப் படம், மற்றதற்குத் தோணிப் படம்.

ரொறன்ரோவிலிருந்து வீடியோவில் வந்த மயூரநாதன் புறாவின் பக்கம். அவன் மீனலோசனியின் தமையன் மகன். பகலில் ஏதோ படிக்கிறான், இரவில் ஒரு பண்டகசாலையில் வேலை.

"மாமி, புறா எல்லாம் தானாய்ச் செய்யும். உங்கடை போனிலை இருக்கிற ஆக்களைத் தானே எடுக்கும். கடிதத்தின்ரை தலைப்பிலை ஒவ்வொருத்தற்றை பேரையும் தானே போடும். மெல்பேர்ணுக்கு மெல்பேர்ண் விடிய, லண்டனுக்கு லண்டன் விடிய, இஞ்சை எங்கடை விடிய அனுப்பும். காசு என்ரை பாங்க் காட்டிலை போகட்டும். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

"தோணி என்ன செய்யும்?" என்றார் வைத்திலிங்கத்தார்.

"தோணியும் பேர் போடும் அப்பா. எங்கடை அளவுக்கு அது இலவசம். ஆனால் மெல்லத்தான் போகும். அனுப்ப முதல் ஒவ்வொரு கடிதத்தையும் எங்களுக்குக் காட்டி, சரியோ எண்டு கேக்கும். நாங்கள் சரியெண்டால்தான் போகும்."

"அதுதான் கந்தோர் முறை. பெரியவர் பாத்து ஒப்பம் வைக்காமல் ஒரு கடிதமும் வெளிக்கிடப்படாது. தோணியைப் பிடி."

"முந்நூறு கடிதத்தையும் ஆர் குந்தியிருந்து பாக்கிறது?" என்றாள் மீனலோசனி. "அதுக்குள்ளை மாரி வந்திடும். அது கிடக்க, இதென்ன பிள்ளை கடிதத்தின்ரை அடியிலை?"

இரண்டு தளத்திலும் கடிதத்தின் அடியில் சின்னதாக ஒரு வரி இருந்தது. இனிமேல் இந்தக் கடிதம் வேண்டாமென்றால் இங்கே அழுத்துங்கள் என்ற வரி. அதை எடுக்க ஏலாது, சட்டமாம்.

"வீட்டுக்கு வாற சனத்தைப் பாத்து, விருப்பமில்லையெண்டால் நாளைக்கு வராதேங்கோ எண்டு சொல்லுவமோ? என்ன மரியாதையில்லாத வேலை!"

அன்ரனிட்டா சிரித்தாள். "அதிலை என்னக்கா? எங்கடை கோயில்லை பூசை நடக்கேக்கை கதவு துறந்துதான் கிடக்கு. போறவை போகட்டுமெண்டுதான். ஒருத்தரும் எழும்பிப் போறேல்லை. பூட்டிப் பாருங்கோ, அப்பதான் எல்லாருக்கும் வெளியிலை போகோணும் போலை கிடக்கும்."

அந்த வரி அப்படியே இருக்கட்டும் என்றானது. தளம் எது என்பதில் மூன்றுக்கு ஒன்று. மூன்று கொட்டேசன் கேட்ட மனிதர் தோற்றுப்போய், கோபத்தில் இரண்டு கல்லை எடுத்துக்கொண்டு படங்குப் பக்கம் போனார். மயூரநாதன் தன் நம்பரையும் பாங்க் காட்டையும் கொடுத்துப் புறாவில் கணக்குத் திறந்தான். கோபிகா தாயின் தொலைபேசியை அதனோடு பொருத்தினாள். இருந்த ஆட்களெல்லாம் மளமளவென்று உள்ளே போனார்கள். மாலைக்குள் கடிதம் எழுதி, அனுப்பு என்பதை அழுத்தியாயிற்று. அன்றைக்குத்தான் மீனலோசனி வயிறாறச் சாப்பிட்டாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். எங்கள் தீவில் ஒரு சிவலிங்கம் என்றால் எந்தச் சிவலிங்கம் என்று கேட்பார்கள். கோயிலில் நேர்ந்து வைத்த பெயர், பாட்டன் பெயர் என்று சுற்றிச் சுற்றி அதே பெயர்கள்தான். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு. யார் வைத்ததென்று தெரியாது, ஏன் வைத்ததென்று எல்லோருக்கும் தெரியும். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். மற்றவர்களிடம் கதைக்கும்போது அதைச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. மீனலோசனியும் ஊர்ப்பெண்தானே. தொலைபேசியில் ஆளை அடையாளம் பிடிக்க என்ன பேர் வசதியோ அந்தப் பேரைத்தான் பதிந்துவைத்திருந்தாள். கோபிகாவுக்கும் அவை பழகிய பேர்கள். அதனால் அவளுக்கும் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை மீனலோசனி இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மெல்பேர்ணிலிருந்து சர்மிதா.

"லோசனியக்கா, நான் முட்டைக்கோது கதைக்கிறன்."

மீனலோசனியின் கை உரலோடு நின்றுவிட்டது.

"என்னடி பிள்ளை சொல்லுறாய்?"

"நீங்கள்தானே போட்டனீங்கள்! 'அன்புள்ள முட்டைக்கோது சர்மிதா, இம்முறையும் எங்கள் தூள் தயாராகிறது.' அக்கா, நான் பஸ்ஸிலை இருந்து வாசிச்சுப்போட்டு விழுந்து விழுந்து சிரிச்சனான். பக்கத்திலை இருந்த வெள்ளைக்காரி எழும்பி மற்ற சீற்றுக்குப் போயிட்டாள். எனக்கு நாலு கிலோ போடுங்கோ."

அவளுடைய தகப்பன் ஒருகாலத்தில் கோழி வளர்த்தவர், வளவெல்லாம் முட்டை ஓடு. அதுதான் சங்கதி. சர்மிதா சிரித்தது சரி. மற்றவர்கள் சிரிப்பார்களா? மீனலோசனி உரலை வைத்துவிட்டுக் கத்தினாள்.

"கோபி! இஞ்சை ஓடிவா! எல்லாருக்கும் பட்டப்பேர் போயிருக்கு!"

கோபிகா பல் துலக்கிய வாயோடு ஓடிவந்தாள். தாயும் மகளும் தொலைபேசியைத் தட்டிப் பார்த்தார்கள். றேடியோ மாமி. பூனைக்கண்ணர். சின்னக் கொக்கர். வெடிவால் றஜீபன். தட்டத் தட்ட மீனலோசனி நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஓரிடத்தில் அவள் விரல் நின்றது. அங்கே இருந்த பேர் கசவாரம் மாமா.

அது ரொறன்ரோவில் இருக்கும் இரத்தினசபாபதி. வேலணை ஊர்ச் சங்கத்தின் பொருளாளர். அங்கே அறுபது எழுபது வீடுகளுக்குப் போகும் தூளை ஒன்றாய் எடுத்துப் பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். வருகிற ஓடரில் பாதி அவரால் வருவது. மீனலோசனி வாங்கிக் குவித்த மிளகாயில் பாதி அவரை நம்பி வாங்கியது. அந்த மனிதரைப் பார்த்து, அன்புள்ள கஞ்சப்பிசினாறி மாமா என்பதுபோல ஒரு கடிதம் போகப்போகிறது.

"கனடாவுக்கு இன்னும் போகேல்லை அம்மா," என்றாள் கோபிகா. "அங்கை விடியேக்கைதான் போகும். எங்களுக்கு அது பின்னேரம். அதுக்குள்ளை நிப்பாட்டலாம்."

புறாவுக்குள் நுழையப் போனால், மயூரநாதனின் தொலைபேசிக்கு வரும் இலக்கத்தைக் கேட்டது. அவனை அழைத்தால் எடுக்கிறானில்லை. இரவு வேலைக்குப் போனால் தொலைபேசியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்களாம். எங்களுக்குப் பின்னேரம் ஆகாமல் அவன் வெளியே வரமாட்டான். புறாவிடம் உதவி கேட்டால் ஒரு இயந்திரம் பதில் சொன்னது. தங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி என்றது. அதையே நாலுதரம் சொன்னது.

"அப்பவே சொன்னனான்," என்று தொடங்கினார் வைத்திலிங்கத்தார்.

"இஞ்சருங்கோ, இப்ப வாய் துறக்காதேங்கோ."

அவர் தேத்தண்ணி வைத்து மனைவியின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார்.

மத்தியானம் ஐரோப்பா விடிந்தது. அதைத் தடுக்க ஒருவராலும் முடியவில்லை. தொலைபேசி சோற்றுக்கு விடவில்லை. முதலில் வந்தவன் பாரிஸ் றஜீபன். அவன் சிரிக்கவில்லை.

"லோசனியக்கா, நான் இஞ்சை கோயில் நிர்வாகத்திலை இருக்கிறனான். என்ரை மனிசி பருத்தித்துறை ஆள். கலியாணம் கட்டி இத்தனை வருசத்திலை அவவுக்கு என்ரை சின்ன வயசுக் குழப்படிக்கு என்னை வெடிவால் எண்டு கூப்பிட்டது தெரியாது. இப்ப பிள்ளையளும் கூப்பிடுதுகள். இது ஞாயமோ?"

"தம்பி, அறியாமல் நடந்துபோச்சு. கோவிக்காதை ராசா."

"நீங்கள் அறியாமல்தான் செய்தனீங்கள். எனக்கு வந்த வெக்கம் வந்ததுதானே." வைத்துவிட்டான். கொஞ்சத்தில் கடிதத்தின் அடியிலிருந்த அந்த வரியையும் அழுத்திவிட்டான். பின்னேரம் புறாவுக்குள் போனபோது கோபிகா அதைக் கண்டாள். அவன் இன்றுவரை திரும்பவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இது உண்மைக் கதையாகாது.

லண்டனிலிருந்து நிலாந்தியின் பதில் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வந்தது. 'ஆறு கிலோ வேண்டும். இப்படிக்கு, றேடியோ மாமியின் மகள் சின்ன றேடியோ.' சூரிச்சில் பூனைக்கண்ணரின் மகன், தகப்பன் இருந்திருந்தால் எவ்வளவு சிரித்திருப்பார் என்று எழுதி மூன்று கிலோ கேட்டிருந்தான். பதிலுக்கு மேல் பதில். கோபிகா வாசிக்க வாசிக்க அன்ரனிட்டா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மீனலோசனிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் மனம் முழுக்க ரொறன்ரோவில் கிடந்தது. பெடியள் சிரிப்பார்கள். எண்பது வயது மனிதர் சிரிப்பாரா? அவள் அறிய, அவரைப் பார்த்து ஊரில் யாரும் அந்தப் பேரைச் சொன்னதில்லை.

நாலரை மணிக்கு மயூரநாதன் வந்தான். களைத்த முகம், பின்னால் பஸ் தரிப்பிடம்.

"என்ன மாமி, இருபத்தேழு மிஸ் கோல்?"

"மச்சான், இப்ப ஒண்டும் கேளாதையும். உமக்கு வந்த இலக்கத்தைச் சொல்லும்," என்றாள் கோபிகா.

அவன் சொன்னான். உள்ளே போனாள். நிறுத்து என்பதைத் தேடிப்பிடித்து அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. மீனலோசனி நயினாதீவு அம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கையெடுத்தாள். வட்டம் நின்றது. கனடாக் கடிதங்கள் நிறுத்தப்பட்டன என்று வந்தது.

"அம்மாளாச்சி!" என்று மீனலோசனி நிலத்தில் இருந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. வைத்திலிங்கத்தார் அவள் முதுகைத் தடவிவிட்டார். ஆட்கள் பார்க்க அவர் அப்படிச் செய்வது அபூர்வம்.

அன்று மாலையே தோணியைப் பிடித்தார்கள். இந்தமுறை கனடா ஆட்களின் பேரெல்லாம் கையால் அடித்து, முழுப்பெயர், மரியாதை, எல்லாம் போட்டு. தோணி ஒவ்வொரு கடிதமாகக் காட்டிச் சரியோ என்று கேட்டது. மீனலோசனி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தாள். 'மதிப்புக்குரிய திரு இரத்தினசபாபதி அவர்களுக்கு' என்பதைத் தானும் வாசித்து, கணவனையும் வாசிக்கச் சொல்லி, பிறகுதான் சரி என்றாள். பெரியவர் ஒப்பம் வைத்ததுபோல வைத்திலிங்கத்தார் தலையாட்டினார்.

அடுத்தநாள் காலை வளவில் படங்கு விரிக்கும்போதே தொலைபேசி அடித்தது. இரத்தினசபாபதி.

"பிள்ளை லோசனி."

"சொல்லுங்கோ மாமா. கடிதம் கிடைச்சதோ?"

"கிடைச்சது. அதைப்பற்றித்தான் கதைக்க எடுத்தனான்." குரல் கடுப்பாக இருந்தது. "லண்டனிலை என்ரை மச்சாளுக்கு வந்த கடிதத்தை இஞ்சை எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறா. பாரிசிலை இருந்தும் வந்தது. சங்கத்திலை எல்லாரும் போனைக் காட்டிக் காட்டிச் சிரிக்கினம். அவைக்கெல்லாம் ஊர்ப்பேர் போட்டு எழுதியிருக்கிறீர். எனக்கு மட்டும் 'மதிப்புக்குரிய திரு'. அரசாங்கக் கச்சேரியிலை இருந்து வாற கடிதம் மாதிரி. நான் ஆர் பிள்ளை உங்களுக்கு? ஊரிலை என்னை மறந்துபோச்சினமோ?"

மீனலோசனி கையிலிருந்த படங்கைக் கீழே விட்டாள்.

"அப்பிடியில்லை மாமா..."

"உம்மடை போனிலை என்னை என்னெண்டு போட்டு வைச்சிருக்கிறீர்? உண்மையைச் சொல்லும்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் அவசரமாகக் கல் தேடத் தொடங்கினார். மகளைப் பார்த்தாள். கோபிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கசவாரம் மாமா எண்டு," என்றாள் மீனலோசனி மெல்ல.

அந்தப் பக்கம் இருமல்போல ஒன்று கேட்டது. அது இருமலில்லை. கிழவர் சிரிக்கிறார். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினார்.

"அந்தப் பேர் ஏன் வந்ததெண்டு தெரியுமோ? ஒரு பனங்கட்டித் துண்டை வைச்சுக் கிழமை முழுக்கத் தேத்தண்ணி குடிச்சனான். என்ரை அண்ணை கண்டிட்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டான். அவனும் போயிட்டான். இஞ்சை ஆஸ்பத்திரியிலை, பாங்கிலை எல்லாம் என்னை 'மிஸ்டர் றட்னா' எண்டுதான். கசவாரமெண்டு கூப்பிட ஒரு சீவனில்லை பிள்ளை. அந்தப் பேரைக் கேட்டு எத்தனை காலம்!"

மீனலோசனிக்குக் கண் நிறைந்துவிட்டது. மிளகாயின் மேல் பழியைப் போடலாம். ஆனால் காற்று அப்போது மறுபக்கமாகத்தான் வீசியது.

"அப்ப கோவமில்லையோ மாமா?"

"கோவம் இருக்கு. என்னைத் தள்ளிவைச்சு எழுதின கோவம். எனக்கும் அந்தப் பேரைப் போட்டு ஒரு கடிதம் வரவேணும். சங்கத்திலை காட்டவேணும். இந்தமுறை தூள் வழமையைவிடக் கூடத் தேவைப்படும். கடிதத்தைப் பாத்திட்டுப் புதுச் சனமும் கேக்குது." குரல் கொஞ்சம் இறங்கியது. "அதுசரி பிள்ளை, அனுப்புற காசைக் கொஞ்சம் பாத்துப் போடும். எல்லாத்தையும் ஒரே பெட்டியிலை அடைஞ்சால் குறையும்தானே? பெட்டிக்கும் தனியாய்க் காசெடுக்காதையும். பழைய பெட்டி எண்டாலும் பறவாயில்லை."

"ஓம் மாமா, ஓம்," என்று மீனலோசனி உதட்டைக் கடித்துக்கொண்டு தொலைபேசியை வைத்தாள். வைத்ததும் வளவே சிரித்தது. வைத்திலிங்கத்தார் கையிலிருந்த கல்லைப் போட்டுவிட்டார்.

"தமையன்காரன் பேரைப் பிழையாய் வைக்கேல்லை," என்றார்.

அன்ரனிட்டா கொட்டிலுக்குள் போய் அடுப்புக்குள் தென்னம்பாளை வைத்துத் தீ மூட்டினாள். முதல் தாச்சியில் மல்லி விழுந்த சத்தம் கேட்டது. பிறகு மணம் வந்தது. இத்தனை நாள் அந்த மணமில்லாமல் வளவு எப்படி இருந்ததென்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

கோபிகா தோணியைத் திறந்து, பேர்ப் பெட்டிக்குள் இருந்த மரியாதை அவ்வளவையும் அழித்துவிட்டு, புதுப்பேரை அடித்தாள். தோணி தன் வழக்கப்படி அனுப்ப முதல் கடிதத்தைக் காட்டிச் சரியோ என்று கேட்டது. மீனலோசனி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

அன்புள்ள கசவாரம் மாமா.

"ஓம், இப்ப சரி," என்றாள். "அனுப்பு."